வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்புகளில் தொண்டர்களை வழிநடத்துதல்

எழுத்தறிவில் எமது நாடு முன்னணியில் நிற்கிறது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பத்து வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 96 வீதமானோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். இந்த உயர்ந்த வீதமே ஒரு சிக்கலுக்கும் காரணமாகிறது. எஞ்சியுள்ள சிலர் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். தோட்டப்புற லயன்களிலும், கரையோர வாடிகளிலும், போர்க்கால இடப்பெயர்வினால் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள் மத்தியிலும் இவர்களை நாம் காணலாம். சேமலாப நிதிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைப்பவர்கள் இவர்கள். கிளினிக் அட்டையில் குறிக்கப்பட்ட திகதியை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கக் கேட்பவர்கள். மகன் அனுப்பிய செய்தி கையடக்கத் தொலைபேசியில் வந்திருந்தும் அதை இன்னொருவர் படித்துச் சொல்லக் காத்திருப்பவர்கள்.

இவர்களுக்காக மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் நலன்புரி அமைப்புகளும் அவ்வப்போது வகுப்புகளைத் தொடங்குகின்றன. தொடக்க விழா சிறப்பாக நடக்கும். கொப்பியும் பென்சிலும் வழங்கப்படும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வகுப்பு நடந்த இடம் பூட்டிக் கிடக்கும். ஏன் நின்றது என்று விசாரித்தால், பாடநூல் இல்லை, வெண்கட்டி இல்லை என்று எவரும் சொல்வதில்லை. "படிப்பிச்ச பிள்ளை வேலைக்குப் போயிட்டுது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

வளர்ந்தோர் கல்வி உலகெங்கும் தொண்டர்களை நம்பியே நடைபெறுகிறது. அந்தத் தொண்டர்களைத் தேடுவதில் காட்டும் அக்கறையை அவர்களை வழிநடத்துவதில் நாம் காட்டுவதில்லை. இதனால் ஏற்படும் நட்டம் தொண்டருக்கு அல்ல. நாற்பது வயதில், அயலவர் சிரிப்பார்களோ என்ற வெட்கத்தைத் தாண்டி வகுப்புக்கு வந்த ஒரு தாய்க்கே நட்டம். ஒருமுறை ஏமாந்தவர் இரண்டாம் முறை அழைத்தால் இலகுவில் வரமாட்டார். "எனக்குப் படிப்பு ஏறாது" என்று தம்மையே குறை கூறிக்கொண்டு ஒதுங்கி விடுவார். ஆகவே தொண்டர்களை வழிநடத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

பணம் நின்றபோது பிறந்த முறை

எழுத்தறிவுப் பணியில் தொண்டர் முறை எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோ தீவில், லானாவோ பிரதேசத்தில் வாழும் மரனாவோ மக்களிடையே 1930ஆம் ஆண்டளவில் பிராங்க் லௌபாக் என்ற அமெரிக்க மறைபணியாளர் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தி வந்தார். அவ்வேளை அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியால் ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுப்பதற்கான பணம் வராமல் நின்றது. வகுப்புகளை மூடவேண்டிய நிலை. அப்போது அம்மக்களின் தலைவர் ஒருவர், படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். "ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்" என்று பின்னாளில் பல நாடுகளிலும் பரவிய முறை இவ்வாறே தோன்றியது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. இத்திட்டத்தை அந்த மக்கள் தமதாக எண்ணினார்கள். கற்றவர் கற்பிப்பது ஒரு கடமை என்று ஊரே ஏற்றுக்கொண்டது. தொண்டரை வெளியிலிருந்து கொண்டு வந்து இறக்கிவிட்டு, ஊர் கைகட்டிப் பார்த்திருக்கும் இடத்தில் எந்தத் தொண்டரும் நெடுநாள் நிற்கமாட்டார்.

சிரமதானமும் வகுப்பும் ஒன்றல்ல

எமது கிராமங்களுக்குத் தொண்டு புதிதல்ல. 1958இல் ஆரம்பமான சர்வோதய இயக்கத்தின் வழியாகச் சிரமதானம் என்ற சொல் நாடெங்கும் பரவியது. கிணறு இறைப்பதற்கும் பாதை வெட்டுவதற்கும் அழைத்தால் நூறு பேர் வருவார்கள். ஆனால் சிரமதானத் தொண்டும் வகுப்புத் தொண்டும் தன்மையில் வேறானவை. சிரமதானம் ஒரு நாள், இரண்டு நாள் வேலை. பலர் சேர்ந்து செய்வது. மாலையில் பாதை கண்முன்னே தெரியும். எழுத்தறிவு வகுப்போ எட்டு, பத்து மாதம் நீள்வது. தொண்டர் தனியாக நிற்கிறார். முதல் இரண்டு மாதங்களில் பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மழை நாளில் இரண்டு பேர்தான் வந்திருப்பார்கள்.

எனவே சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது போல ஒலிபெருக்கியில் அறிவித்து வகுப்புக்கு ஆள் சேர்க்க முடியாது. இத்தொண்டுக்குத் தெரிவு, பயிற்சி, துணை, மாற்று ஒழுங்கு, மதிப்பு ஆகிய ஐந்தும் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தெரிவு

எமது பகுதிகளில் பெரும்பாலும் முன்வருவோர் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகவோ பல்கலைக்கழக அனுமதிக்காகவோ காத்திருக்கும் இளைஞர் யுவதிகள். அவர்களிடம் உற்சாகம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு ஓர் எல்லையுண்டு. பெறுபேறு வந்ததும் போய்விடுவார்கள்; போகத்தான் வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்து திட்டமிடுவது எமது பொறுப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிலைத்து நிற்பார்கள். ஆனால் சிறுவருக்குப் படிப்பித்த பழக்கத்தில் பெரியவர்களையும் அதட்டிவிடக் கூடும். முன்பள்ளி ஆசிரியைகள் பொறுமையும் ஊர்ப் பழக்கமும் உள்ளவர்கள். அதே லயனில் அல்லது அதே ஒழுங்கையில் வசிக்கும் எட்டாம் ஒன்பதாம் வகுப்புவரை படித்த இல்லத்தரசி ஒருவர், பட்டதாரியை விடவும் நல்ல தொண்டராக அமைவதுண்டு. அவர் பேசும் பேச்சு கற்போரின் பேச்சு. வகுப்புக்கு வராத ஒருவரை இரவிலும் போய்க் கூப்பிடக் கூடியவர் அவர். முன்னைய வகுப்பில் கற்று முன்னேறியவர்களையும் மறக்கக்கூடாது. "நானும் உங்களைப் போல இருந்தவள்தான்" என்று சொல்லக்கூடிய தகுதி அவர்களுக்கு மட்டுமே உண்டு.

தெரிவுக்கு முன் ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் பேசுவது நல்லது. மூன்று விடயங்களைக் கேட்டறியலாம். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு வரமுடியும்? எத்தனை மாதம் இவ்வூரில் இருப்பீர்கள் என்பது நிச்சயம்? வீட்டில் உள்ளவர்கள் சம்மதமா? மூன்றாம் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மாலை ஏழு மணிக்கு மகள் வெளியே போவதைத் தாய் தந்தையர் விரும்பாவிட்டால், அவள் எவ்வளவு ஆர்வமுள்ளவளாயினும் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவாள். தேவையானால் வீட்டுக்கே சென்று பேசி, யார் கூட்டிச் சென்று கொண்டுவந்து விடுவது என்பதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

காலத்தையும் திட்டமாகச் சொல்ல வேண்டும். "முடிந்தவரை செய்யுங்கள்" என்று கேட்பதை விட, "தைப்பொங்கல் முடிந்த வாரம் தொடங்கி ஆவணி முடியும்வரை" என்று கேட்டால் தொண்டருக்குத் தெளிவு பிறக்கும். 1961இல் கியூபாவிலும் 1980இல் நிக்கரகுவாவிலும் நடந்த பெரும் எழுத்தறிவு இயக்கங்கள் இவ்வாறு கால எல்லை வகுத்தே இளைஞர்களை அழைத்தன. நிக்கரகுவாவில் அது ஐந்து மாதம். முடிவு தெரிந்த பாதையில் நடப்பவருக்குக் களைப்பு குறைவு.

2. கொடுக்கக்கூடியதை மட்டும் சொல்லுதல்

வடக்கு கிழக்கில் பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்களாகப் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இறங்கியவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. தொண்டு என்று தொடங்கிய ஒன்று, மனதுக்குள் வேலை வாய்ப்பின் வாசலாக மாறிவிடும்போது இரு தரப்புக்கும் மனக்கசப்பே மிஞ்சும். ஆகையால் முதல் நாளே நேர்மையாகப் பேச வேண்டும். இத்தொண்டின் முடிவில் நியமனம் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். சான்றிதழ் உண்டென்றால், அதில் என்ன எழுதப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்ற சொல்லை அறவே தவிர்க்க வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓர் இளைஞன் இரண்டு ஆண்டைக் கழித்துவிடுகிறான்.

கொடுப்பனவு வழங்கலாமா என்பது என்றும் எழும் கேள்வி. இந்தியாவில் 1978 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய தேசிய வளர்ந்தோர் கல்வித் திட்டத்தில் வகுப்பு நடத்துவோருக்கு மாதம் 50 ரூபா வழங்கப்பட்டது. அத்தொகை ஊதியமாகவும் போதவில்லை, தொண்டு உணர்வையும் காக்கவில்லை என்ற குறை எழுந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் உருவான பின்னர் மாவட்டந்தோறும் நடந்த முழு எழுத்தறிவு முயற்சிகளில் கற்பிப்போர் ஊதியமின்றியே பணியாற்றினர்.

எமது கருத்தில் இரண்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. உழைப்புக்குக் கூலி வேறு, கைச்செலவை ஈடுசெய்தல் வேறு. பஸ் கட்டணம், வெண்கட்டி, விளக்குக்கான செலவு, தொலைபேசிக் கட்டணம் என்பவற்றைத் தொண்டர் தம் கையிலிருந்து கொடுக்கும்படி விடுவது முறையல்ல. அவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். இத்தொகை சிறிதாயினும் மாதம் தவறாமல் குறித்த நாளில் கிடைக்க வேண்டும். எல்லாத் தொண்டருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். ஒருவருக்கு இரகசியமாகக் கூடுதலாகக் கொடுத்தால் அது ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

3. பயிற்சி

கியூபாவில் 1961இல் பாடசாலை மாணவரையும் உள்ளிட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் கிராமங்களுக்குச் சென்றனர். புறப்படுமுன் வரதேரோ என்ற கடற்கரை ஊரில் அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடநூலைக் கையாளும் முறையோடு, தரப்பட்ட விளக்கைப் பேணுவதும், குடியானவர் வீட்டில் தங்கி அவர்களோடு வயல் வேலை செய்வதும் அவர்கள் கற்கவேண்டியனவாய் இருந்தன. நிக்கரகுவாவில் இயேசு சபைத் துறவி பெர்னாண்டோ கார்தெனால் அவர்களின் பொறுப்பில் நடந்த இயக்கத்தில், முதலில் ஒரு சிறு குழு பயிற்றப்பட்டது. அக்குழு சில நூறு பேரைப் பயிற்றியது. அவர்கள் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்ற, அவ்வாசிரியர்கள் மாணவத் தொண்டர்களைப் பயிற்றினர். இவ்வாறு படிப்படியாகப் பரப்பும்போது ஒவ்வொரு படியிலும் சாரம் சிறிது குறையக் கூடும். இதைத் தவிர்க்க, மேற்படியில் கற்றதைச் சொற்பொழிவாக ஒப்புவிக்காமல், மாதிரி வகுப்பாக நடத்திக் காட்டும்படி ஒவ்வொரு படியினரிடமும் கேட்க வேண்டும்.

எமது சிறிய அளவுக்கு இரண்டு நாள் தொடக்கப் பயிற்சி போதும். எல்லாவற்றையும் முதல் நாளே ஊட்டிவிட முயலக்கூடாது. நான்கு வாரம் வகுப்பு நடத்திய பின் மீண்டும் ஒரு நாள் கூடினால், அப்போதுதான் தொண்டரிடம் உண்மையான கேள்விகள் இருக்கும். அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் கூடலாம்.

தொடக்கப் பயிற்சியில் மூன்று விடயங்கள் தவறாமல் இடம்பெற வேண்டும்.

முதலாவது, வளர்ந்தோரோடு பழகும் முறை. "அம்மா", "அண்ணை", "ஐயா" என்று ஊரில் அழைப்பது போலவே வகுப்பிலும் அழைக்க வேண்டும். பிழை விட்டவரை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தக் கூடாது. பிரேசில் நாட்டின் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு வகுப்பு நடத்தியபோது, வகுப்பைப் "பண்பாட்டு வட்டம்" என்றும் கற்பிப்பவரை "இணைப்பாளர்" என்றும் அழைத்தார். பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. கற்போர் வெற்றுப் பாத்திரங்கள் அல்லர். உழைப்பையும் வாழ்க்கையையும் பற்றித் தொண்டர் அறியாத பலவற்றை அறிந்தவர்கள்.

இரண்டாவது, ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை நடத்திப் பழகுதல். கற்போர் நாளும் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து, படத்தைக் காட்டிப் பேசி, சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, அவ்வெழுத்துகளைக் கொண்டு புதிய சொற்களை ஆக்கும் முறையை ஒவ்வொரு தொண்டரும் மற்றவர் முன் செய்து காட்ட வேண்டும். "கொழுந்து", "வலை", "சம்பளம்", "தண்ணீர்" என்ற சொற்கள் "அணில்", "ஆடு" என்பவற்றை விட வளர்ந்தோரை இழுக்கும்.

மூன்றாவது, கற்போரின் வாழ்க்கை நாட்காட்டி. தோட்டத்தில் மலையிலிருந்து இறங்கி, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கி, தண்ணீர் எடுத்து, சமைத்து முடிக்கும்வரை ஒரு தாய் வகுப்பை நினைக்கவும் முடியாது. சம்பள நாளில் எவரும் வரமாட்டார்கள். நெற்செய்கைப் பகுதியில் அறுவடைக் காலம் அப்படிப்பட்டது. இதை அறியாத தொண்டர், வரவு குறைந்ததும் தம்மில் குறை இருப்பதாக எண்ணி மனம் சோர்ந்து போவார். அறிந்தவர் அந்த வாரத்தை விடுமுறையாக அறிவித்துவிட்டு அடுத்த வாரம் உற்சாகத்தோடு தொடங்குவார்.

4. தொடர்ந்த துணை

தொண்டர் நின்றுவிடுவதற்கு முதன்மையான காரணம் தனிமை என்றே நாம் கருதுகிறோம். நிக்கரகுவாவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அயலிலுள்ள தொண்டர்கள் தம் ஆசிரியரோடு கூடி, அவ்வாரத்தில் எதிர்ப்பட்ட சிக்கல்களைப் பேசித் தீர்த்தனர். கியூபாவிலும் இருபத்தைந்து முப்பது தொண்டருக்கு ஒருவராகத் தொழில்முறை ஆசிரியர் ஒருவர் துணை நின்றார். இவ்வாறான வாராந்தக் கூடல் இல்லாமல் பதினாறு வயதுப் பிள்ளைகள் அம்மலைகளில் நிலைத்திருக்க மாட்டார்கள்.

எம்மிடையே வாரந்தோறும் கூடுவது கடினமானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடலாம். எட்டு அல்லது பத்து வகுப்புகளுக்கு ஓர் இணைப்பாளர் இருப்பது அளவானது. கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. முதலில் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் நடந்த ஒரு நல்ல விடயத்தைச் சொல்லட்டும். அடுத்து ஒரு சிக்கலைச் சொல்லட்டும். அதற்கு இணைப்பாளர் உடனே தீர்வு கூறாமல், மற்றத் தொண்டர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கட்டும். கடைசி அரை மணி நேரத்தில் வரும் வாரத்துப் பாடத்தை ஆயத்தம் செய்யலாம். தேநீருக்குப் பின் கலைந்து போகலாம். பதிவேடுகளைச் சேகரிப்பதற்காக மட்டும் கூட்டப்படும் கூட்டத்துக்கு மூன்றாம் முறை எவரும் வரமாட்டார்கள்.

இணைப்பாளர் வகுப்புக்குச் செல்லும்போது மேலதிகாரியைப் போலச் செல்லக்கூடாது. பின்வரிசையில் இருந்து பார்த்து, பிந்தியிருக்கும் ஒருவருக்கு உதவி செய்து, வகுப்பு முடிந்த பின் தனியாகப் பேச வேண்டும். திருத்தவேண்டியதைக் கற்போர் முன்னிலையில் திருத்தினால் அன்றோடு தொண்டரின் மதிப்புப் போய்விடும்.

தொண்டரால் தீர்க்க இயலாத சிக்கல்களும் உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 8ஆம் திகதி ஏறத்தாழ 50,000 தொண்டர்கள் ஒரே நாளில் வீடு வீடாகச் சென்று எழுத்தறியாதோரைக் கணக்கெடுத்தனர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தின் பயனாக, 1990 பெப்ரவரி 4ஆம் திகதி அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வகுப்புகள் தொடங்கியபோது முதியோர் பலருக்குக் கண்பார்வை குறைவு என்பது தெரியவந்தது. எழுத்து பதியாததற்குக் காரணம் மூளையல்ல, கண். உடனே கண் பரிசோதனை முகாம்கள் நடத்தப்பட்டன. பாவனையில் இல்லாத மூக்குக் கண்ணாடிகளைத் தந்துதவுமாறு மக்களிடம் கேட்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. தொண்டர் சிக்கலைக் கண்டு சொன்னார்; அமைப்பு தீர்வைக் கண்டது. இந்த வேலைப் பங்கீடே நல்ல நிருவாகத்தின் அடையாளம். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் ஒழுங்கை இணைப்பாளர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

5. மாற்று ஒழுங்கு

தொண்டர் போவது குற்றமல்ல. வேலை கிடைக்கும், திருமணம் நடக்கும், வெளிநாட்டுப் பயணம் அமையும், கொழும்புக் கடையிலிருந்து அழைப்பு வரும். அவர் போகும்போது வகுப்பும் சேர்ந்து போவதே தவிர்க்கப்பட வேண்டியது. இதற்கு மூன்று எளிய வழிகள் உண்டு.

முதல் வழி, ஒரு வகுப்புக்கு இருவரை நியமித்தல். இருபது பேர் கற்கும் வகுப்பில் ஒருவர் முதல்நிலையில் உள்ளோரையும் மற்றவர் சற்று முன்னேறியோரையும் பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் வகுப்பு நடக்கும். பெண்கள் கற்கும் வகுப்பில் இருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, வகுப்புக் கொப்பி. இன்று எந்தப் பாடம் நடந்தது, யார் எதில் தடுமாறினார், அடுத்த முறை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று மூன்று வரி எழுதி வைத்தால் போதும். புதிதாக வருபவர் அதைப் பார்த்துத் தொடரலாம். இல்லையேல் அவர் மறுபடியும் "அ"விலிருந்து தொடங்குவார். கற்போர் சலிப்படைந்து நின்றுவிடுவர்.

மூன்றாம் வழி, விடைபெறும் முறை. போகவிருக்கும் தொண்டர் ஒரு மாதம் முன்பே அறிவிக்கும்படி முதலில் பேசிக்கொள்ள வேண்டும். புதியவர் இரண்டு வாரம் அவரோடு சேர்ந்து வகுப்புக்கு வரட்டும். கடைசி நாளில் கற்போரிடம் நேரில் சொல்லிக்கொண்டு போகட்டும். சொல்லாமல் போனால், தம்மை வெறுத்துப் போய்விட்டதாகவே கற்போர் எண்ணுவர்.

பதிவேடுகள் பற்றி

வரவு இடாப்பு, வகுப்புக் கொப்பி, கற்போர் ஒவ்வொருவரின் முன்னேற்ற அட்டை ஆகிய மூன்றும் போதும். இதற்கு மேல் கேட்பது நிதி தருவோரைத் திருப்திப்படுத்துமே தவிர வகுப்புக்கு உதவாது. முன்னேற்றத்தை அளப்பதும் எளிதாக இருக்கட்டும். கியூபாவில் கற்போர் இறுதித் தேர்வின் ஒரு பகுதியாக நாட்டின் தலைவருக்குக் கடிதம் ஒன்று எழுதினர். எமது வகுப்புகளில் மகளுக்கு ஒரு கடிதம், வங்கியில் பணம் எடுக்கும் படிவம், பஸ்ஸின் பெயர்ப் பலகை, மருந்துப் பையில் எழுதியிருப்பது என்பவற்றைக் கொண்டே தேர்வு வைக்கலாம். இப்பயனைக் கண்ணால் காணும் தொண்டருக்கு வேறு ஊக்கம் தேவையில்லை.

கண்டிப்பு வேண்டிய இடங்கள்

தொண்டர் ஊதியம் வாங்காதவர் என்பதால் எதையும் சொல்லக்கூடாது என்று சிலர் நினைக்கின்றனர். இது சரியல்ல. கற்போரை இழிவாகப் பேசுதல், சாதியையோ சமயத்தையோ காட்டி ஒதுக்குதல், கற்போரிடம் கடன் வாங்குதல், வகுப்பைக் கட்சிப் பிரசாரத்துக்கோ மதமாற்றத்துக்கோ பயன்படுத்துதல், பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க முடியாது. இவ்விதிகளை எழுதி முதல் நாளே வாசித்துக் காட்ட வேண்டும். முறைப்பாடு வந்தால் இருதரப்பையும் விரைவாக விசாரிக்க வேண்டும். பாலியல் முறைகேடு பற்றிய முறைப்பாடென்றால், விசாரணை முடியும்வரை அவரை வகுப்பிலிருந்து விலக்கி வைத்து, முறைப்பாடு செய்தவரின் பெயர் வெளியே போகாமல் காக்க வேண்டும். சட்டத்திடம் போகவேண்டியதைச் சமரசமாக மூடிவிடக் கூடாது.

தொண்டரின் பாதுகாப்பும் எமது பொறுப்பே. கியூபாவில் கொன்ராடோ பெனித்தெஸ் என்ற இளம் தொண்டாசிரியர் 1961 ஜனவரியில் கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டார். மாணவத் தொண்டர் படையணிக்கு அவர் பெயரே பின்னர் சூட்டப்பட்டது. எமது நாட்டிலும் கல்விப் பணிக்குச் சென்றவர்கள் ஐயத்தோடு பார்க்கப்பட்ட காலம் இருந்தது. தொண்டரின் பெயர், வகுப்பு நடக்கும் இடம், நேரம் என்பவற்றைக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே அறிவிப்பது, இருட்டில் தனியே நடக்கவிடாமல் துணை ஒழுங்கு செய்வது போன்ற சிறிய காரியங்கள் பெரிய துன்பத்தைத் தடுக்கும்.

மதிப்பளித்தல்

பொன்னாடை போர்த்துவதால் மட்டும் தொண்டர் மதிப்புப் பெறுவதில்லை. அவர் கருத்தைக் கேட்டுத் திட்டத்தை மாற்றுவதே உயர்ந்த மதிப்பு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் நடந்த அறிவொளி இயக்கம் இதற்கு நல்ல உதாரணம். ஊர் விட்டு ஊர் போவதற்குப் பெண்களுக்கு வழியில்லை என்பதை உணர்ந்து, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு சைக்கிள் ஓட்டப் பழகுவதும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கப்பட்டது. ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள், கற்போரும் கற்பிப்போருமாக, சைக்கிள் ஓட்டப் பழகினர். வகுப்பு முடிந்த பின்னரும் அத்திறமை அவர்களோடு நின்றது. தொண்டர் எம்மிடமிருந்து போகும்போது எதைக் கொண்டு போகிறார் என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். கூட்டம் நடத்தும் திறமை, கணக்கு வைக்கும் பழக்கம், பலர் முன் பேசும் துணிவு ஆகியவற்றை அவர் பெற்றிருந்தால், அவர் கொடுத்த நேரத்துக்கு நாம் ஓரளவேனும் ஈடு செய்தவர்களாவோம். சான்றிதழில் எத்தனை மாதம், எத்தனை பேருக்கு, என்ன பொறுப்பில் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் நாளை ஒரு நேர்முகப் பரீட்சையில் அது அவருக்கு உதவும்.

இறுதியாக ஒன்று. பாடநூல் முடிந்ததும் வகுப்பை மூடிவிட்டால், கற்றது சில மாதத்தில் மறந்துவிடும். இந்தியாவின் பல மாவட்டங்களில் முதற்கட்டத்துக்கும் தொடர்கல்விக்கும் இடையில் நீண்ட இடைவெளி விழுந்ததால் பலர் மீண்டும் எழுத்தை மறந்தனர். எனவே முடிவு விழாவுக்கு முன்பே வாசிகசாலையில் வாராந்த வாசிப்பு வட்டம் ஒன்றுக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். ஓய்ந்த தொண்டர் மாதம் ஒருமுறை அங்கு வந்து ஒரு பத்திரிகைச் செய்தியைக் கற்றவர்களோடு சேர்ந்து வாசித்தாலே போதும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. எமது ஊரில் இதற்கு முன் தொடங்கி நின்றுபோன வகுப்பு உண்டா? அதில் கற்றவர்கள் இன்று எங்கே? அவர்களிடம் யாராவது காரணம் கேட்டோமா?

2. இப்போதுள்ள தொண்டர்களில் எவர் எத்தனை மாதம் இருப்பார் என்பது எமக்குத் தெரியுமா? அவருக்குப் பின் யார்?

3. கடந்த மூன்று மாதத்தில் தொண்டர் சொன்ன ஒரு கருத்தை ஏற்று நாம் மாற்றிய ஒழுங்கு என்ன?

4. தொண்டர் தம் கையிலிருந்து செலவழித்த பணம் எவ்வளவு? அதைத் திருப்பிக் கொடுத்தோமா?

5. முன்னைய வகுப்பில் கற்றவர்களுள் அடுத்த வகுப்பை நடத்தக் கூடியவர் எவர்? அவரிடம் எப்போது பேசப் போகிறோம்?